தாளில் வடியும் காபி

எங்கள் வீட்டில் விடியற்காலைக்கு முதல் டிகாஷன். பதினொரு மணிக்கு எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டால், அதே பொடியின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் இறக்குவார் அம்மா. முதலாவது இறங்கும்போது கூடம் வரை மணக்கும். இரண்டாவது நிறம் வெளுத்து, மணம் போய், நாக்கின் அடியில் ஒரு கசப்பு மட்டும் நிற்கும். சர்க்கரையைக் கூட்டிப் போட்டுச் சரிக்கட்டுவார். இந்த வேறுபாட்டை நாக்கால் அறிந்தவர்களுக்கு, தாள் வடிகட்டியில் காபி இறக்கும் வித்தையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

வெந்நீர் பட்டதும் காபிப் பொடியில் உள்ளதெல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடுவதில்லை. புளிப்பும் பழ மணமும் முதலில் இறங்கும். பின்னால் இனிப்பு. கடைசியில் கசப்பும் துவர்ப்பும். வறுத்த கொட்டையின் எடையில் நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 சதவீதம்தான். மற்றது மரத்தூள் போன்ற சக்கை. அந்த முப்பதையும் கறந்துவிட்டால் வாயில் வைக்க முடியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எர்னஸ்ட் லாக்கார்ட் என்ற வேதியியலாளர் 1950களில் இதை அளந்து பார்த்தார். பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை நீரில் இறங்கியிருந்தால் பெரும்பாலோருக்கு அந்தக் காபி பிடிக்கிறது என்பது அவர் கண்டது. அவர் போட்ட வரைபடம் காபித் தொழிலில் இன்றும் புழங்குகிறது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நிறுத்திக்கொள்வதுதான் நம் வேலை. முன்னதாக நிறுத்தினால் வெறும் புளிப்பு. தாண்டிவிட்டால் இரண்டாம் டிகாஷன்.

கடைகளில் ‘போர் ஓவர்’ என்று எழுதிப் போடும் காபி இதுதான். ஒரு கூம்பு, அதற்குள் ஒரு வடிதாள், தாளுக்குள் பொடி. மேலிருந்து கையால் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, மூன்று நிமிடத்தில் கீழே கோப்பையில் காபி இறங்கிவிடும். நம் ஃபில்டரிலும் வடிதல்தான் நடக்கிறது. ஆனால் அங்கே பொடியைத் தட்டி அழுத்தி, வெந்நீரை நிரப்பி, மூடிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது இருபது நிமிடம், அரைமணி என்று தன் போக்கில் சொட்டும். இறங்குவது கெட்டியான சாறு. பாலையும் சர்க்கரையையும் மீறி ருசி தெரிய வேண்டும் என்பதற்காகவே கொட்டையை அடர்த்தியாக வறுக்கிறார்கள், சிக்கரி சேர்க்கிறார்கள். தாளில் வடியும் காபியோ பால் இல்லாமல் குடிப்பதற்கானது. பார்த்தால் வரக்காப்பி நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் செந்தேன் போல ஊடுருவித் தெரியும். ஒன்றை அளவுகோலாக வைத்து மற்றதை எடை போட்டால் இரண்டுக்கும் அநியாயம். காலை ஆறு மணிக்கு எனக்கு டவராவில் நுரை ததும்பும் காபிதான் வேண்டும். இது முற்பகலுக்கு.

அப்படியானால் இது எதற்கு? நம் மலைகளுக்காக என்று சொல்வேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறை, பண்ணைக்காடு பக்கம் போனால் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்கும் மலைவாழைக்கும் நடுவே காபிச் செடிகள் நிற்பதைப் பார்க்கலாம். பழுத்த காபிப் பழம் ஒன்றைப் பறித்து வாயில் போட்டால் மெல்லிய இனிப்புச் சதை. உள்ளே வழவழவென்று இரண்டு கொட்டை. அந்த மண்ணும் உயரமும் நிழலும் கொட்டைக்குள் ஏதோ ஒன்றை வைத்துவிடுகின்றன. இளம் வறுப்பில் அது ஆரஞ்சுத் தோல் போலவோ வெல்லம் போலவோ வறுத்த வேர்க்கடலை போலவோ வெளிப்படும். பால் ஊற்றியதும் மறைந்துவிடும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நம் மலையில் விளைகிற ஒன்றின் சொந்த ருசியை நம்மில் பெரும்பாலோர் ஒருமுறைகூட நேராகக் குடித்து அறிந்ததில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

முதலில் கொட்டை. நான் முதன்முதல் கூம்பு வாங்கிய அன்று, வீட்டில் இருந்த வழக்கமான ஃபில்டர் பொடியையே தாளில் கொட்டி வெந்நீர் ஊற்றினேன். தண்ணீர் குட்டை போலத் தேங்கி நின்றது. எட்டு நிமிடம் கழித்து இறங்கியது கறுத்த கசாயம். பொடியில் சிக்கரி இருந்ததுதான் காரணம். சிக்கரி என்பது வறுத்த வேர். நீர் பட்டதும் ஊறி உப்பித் தாளின் துளைகளை அடைத்துக்கொள்ளும். காபியைவிட இரு மடங்குக்கு மேல் கரையவும் கரையும். அதனால் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொய்த்துவிடும். பாக்கெட்டின் மேல் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். சட்டப்படி 49 வரை போகலாம். நமக்கு வேண்டியது பூஜ்யம்.

அராபிக்கா கொட்டையாக, மிதமான வறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் பட்டைத்தூள் போல, மேற்புறம் உலர்ந்து இருக்க வேண்டும். எண்ணெய் மினுங்கினால் அது டிகாஷனுக்கு வறுத்தது. ‘பிளாண்டேஷன் ஏ’ என்று எழுதியிருந்தால், பழத்தின் சதையை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிக்கா, பெரிய கொட்டை என்று பொருள். ‘செர்ரி’ என்றால் பழத்தோடு முழுதாக உலர்த்தியது. ‘பீபெர்ரி’ என்பது தனி ரகமல்ல. பழத்துக்குள் இரண்டு கொட்டை விளையாமல் உருண்டையாக ஒன்றே விளைந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வறுத்த தேதி. வறுத்து ஒரு வாரம் ஆனதிலிருந்து ஒரு மாதம் வரை நல்ல காலம். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்; திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் ஏறும், பக்கத்தில் இருக்கும் பூண்டின் வாசமும் ஏறும்.

அடுத்தது அரைப்பு. கூம்புக்கும் கெட்டிலுக்கும் செலவிடும் பணத்தைக் குறைத்துக்கொண்டாவது நல்ல அரவைக் கருவி ஒன்று வாங்குங்கள் என்பேன். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. அதிலிருந்து வருவது பாதி குருணை, பாதி மாவு. மாவிலிருந்து கசப்பு இறங்கி முடியும்போது குருணையில் புளிப்பே இன்னும் இறங்கியிராது. ஒரே கோப்பையில் இரண்டு குற்றமும் சேர்ந்துவிடும். இதற்கென்று விற்கும் கைக் கருவிகள் திருகையைப் போல வேலை செய்கின்றன. இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கி, ஒரே அளவுத் துகளாக விழும். சக்கரங்களின் இடைவெளியைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். துகள் உப்புமா ரவை அளவு இருக்கட்டும். விரலிடையே தேய்த்தால் மணல் போல நெருட வேண்டும், மாவு போல ஒட்டக் கூடாது.

கருவி வாங்கும் வரை? காபிக் கடையில் கொட்டையைக் காட்டி, “சிக்கரி வேண்டாம், ஃபில்டருக்கு அரைப்பதைவிடக் கொரகொரப்பாக வேண்டும்” என்று கேட்டு, நூறு கிராம் மட்டும் அரைத்து வாங்கலாம். வீட்டு மிக்ஸிதான் என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள். நடுநடுவே ஜாரைக் குலுக்குங்கள். பிறகு மாவுச் சல்லடையில் சலித்துத் தூசியை நீக்கிவிடுங்கள். கொஞ்சம் வீணாகும்; காபி தெளியும்.

தண்ணீரைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் அதுதான். கொட்டையிலிருந்து ருசியை இழுக்க நீரில் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். ஆர்.ஓ. கருவி அவற்றைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. அந்த நீரில் காபி சப்பென்றும் சுருக்கென்றும் வரும். ஆழ்துளைக் கிணற்று நீரோ நேர்மாறு. உப்பும் கடினத்தன்மையும் புளிப்பை எல்லாம் அடித்து, ருசியை மந்தமாக்கிவிடும். ஆர்.ஓ. நீரோடு, சுத்திகரித்த ஆனால் ஆர்.ஓ. செய்யாத நல்ல குடிநீரை மூன்றுக்கு ஒன்று கலந்து பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருந்தால் நல்லது என்பது காபித் துறையின் கணக்கு. டி.டி.எஸ். பார்க்கும் சின்னக் கருவி வீட்டில் இருந்தால் அளந்துகொள்ளலாம்.

சூடு 92 முதல் 96 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ கொதித்த நீரை இறக்கி, மூடியைத் திறந்து முக்கால் நிமிடம் விட்டால் ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்துவிடும். மலையில் இருப்பவர்கள் காத்திருக்கக் கூடாது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் சுமார் 95 டிகிரி, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரி. அங்கே கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட வேண்டும். கொட்டையின் வறுப்பு இளசாக இருந்தால் சூடு கூட வேண்டும். கருக வறுத்ததற்கு 88, 90 டிகிரியே போதும்.

அளவு: 15 கிராம் பொடி, 250 கிராம் தண்ணீர். ஒரு பங்குக்குப் பதினாறு, பதினேழு பங்கு. தண்ணீரையும் எடையில் சொல்வது, கோப்பையைத் தராசின் மேல் வைத்துக்கொண்டே ஊற்றலாம் என்பதால். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தராசு இல்லையென்றால் தலைதட்டிய மேசைக்கரண்டி மூன்று, தோராயமாக 15 கிராம். ஆனால் வறுப்புக்கு ஏற்ப இது மாறும், நேற்று வந்த ருசி இன்று வராது. பொடி தன் எடையைப் போல் இரு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் கோப்பைக்கு 220 கிராம் அளவில்தான் வந்து சேரும்.

இனி அடுப்படிக்கு வருவோம். தாளைத் தையல் ஓரத்தில் மடித்துக் கூம்பில் பொருத்தி, அதன் மேல் வெந்நீரை நன்றாக ஊற்றி அலசுங்கள். தாளின் காகித வாசம் போகும், கூம்பும் கோப்பையும் சூடாகும். அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பொடியைப் போட்டு, லேசாகத் தட்டிச் சமன் செய்யுங்கள். ஃபில்டரில் போல அழுத்தக் கூடாது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

முதலில் 45 கிராம் நீர் மட்டும். பொடி முழுவதும் நனைய வேண்டும், உலர்ந்த திட்டு ஒன்றும் மிஞ்சக் கூடாது. சந்தேகமாக இருந்தால் கூம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுழற்றிவிடுங்கள். இப்போது பாருங்கள். பொடி மூச்சு வாங்குவது போல மேலே உப்பி எழும், குமிழ்கள் வெடிக்கும், வீடு மணக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிறைப்பட்ட கரியமில வாயு வெளியேறுகிறது. காபிக்காரர்கள் இதை ‘ப்ளூம்’ என்கிறார்கள். வாயு வெளியேறிய பிறகுதான் நீர் துகளுக்குள் நுழைய முடியும் என்பதால் 40 நொடி பொறுத்திருக்க வேண்டும். பொடி உப்பவே இல்லையென்றால் கொட்டை பழசு. அடுத்த முறை வேறு கடை பாருங்கள்.

பிறகு மெல்லிய நூலாக, நடுவிலிருந்து வெளிப்பக்கம் வட்டமாக ஊற்றி 150 கிராம் வரை கொண்டுபோங்கள். தாளின் சுவரில் நேராக ஊற்றினால் தண்ணீர் பொடியைத் தொடாமலே ஓரமாக வழிந்துவிடும். நீர்மட்டம் பாதி இறங்கட்டும். ஒன்றரை நிமிட வாக்கில் மீதி 100 கிராமையும் அதேபோல ஊற்றுங்கள். கூம்பை ஒருமுறை மெல்லச் சுழற்றிவிட்டால் பொடி சமமாகப் படியும். இரண்டே முக்கால் நிமிடத்திலிருந்து மூன்றேகால் நிமிடத்துக்குள் நீர் வடிந்து, ஈர மணல் போலப் படுகை தெரிய வேண்டும்.

அன்னத்தின் கழுத்து போல வளைந்த மூக்கு வைத்த கெட்டில் இருந்தால் இந்த நூல் போன்ற ஒழுக்கு எளிதாக வரும். இல்லாவிட்டால் பரவாயில்லை. மூக்கு வைத்த சின்னப் பாத்திரம் எதிலும் செய்யலாம். ஒழுக்கு தடித்து விழுந்தால் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றுங்கள். வேகம் தணிந்து பரவும்.

இப்போது குடித்துப் பாருங்கள், ஆனால் உடனே அல்ல. கொதிக்கும் சூட்டில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் ஆறட்டும். பழுக்காத மாங்காயைக் கடித்தது போலச் சுருக்கென்று புளித்து, அதன் பின் ஒன்றுமில்லாமல் வெறுமையாக முடிந்தால், போதிய அளவு இறங்கவில்லை. அடுத்த முறை நைஸாக அரையுங்கள். வேப்பங்குச்சி போலக் கசந்து, நாக்கு வறண்டு துவர்த்தால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, கொரகொரப்பாக அரையுங்கள். அரைப்பை மட்டும் மாற்றுங்கள். பொடியின் அளவு, நீரின் அளவு, சூடு மூன்றையும் அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. மூன்று நாளில், மூன்று கோப்பையில் உங்கள் கொட்டைக்கான அரைப்பு பிடிபட்டுவிடும். ருசி சரியாக இருந்து, தண்ணீராக மட்டும் தோன்றினால் பொடியை ஒரு கிராம் கூட்டுங்கள்.

எல்லாப் புளிப்பும் குற்றமல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கமலா ஆரஞ்சுச் சுளையில் இனிப்போடு சேர்ந்து ஒரு புளிப்பு இருக்கிறதே, அது நல்ல அராபிக்காவின் அடையாளம். பால் காபியிலேயே வளர்ந்த நாக்கு முதல் இரண்டு மூன்று முறை அதைக் கெட்டுப்போன ருசியாக எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்த முறை பிறந்த கதை ஒரு சமையலறையில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசிக்குக் காபியில் மண்டி மிதப்பது பிடிக்கவில்லை. பித்தளைக் குவளையின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை அதில் வைத்து வடிகட்டிப் பார்த்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய வேதியியலாளர் பீட்டர் ஷ்லும்போம், 1941இல் ஆய்வகக் குடுவையையும் புனலையும் ஒன்றாக்கிக் கெமெக்ஸ் என்ற கண்ணாடிக் குடுவையைச் செய்தார். இன்று பரவலாகப் புழங்கும் வி60 கூம்பு, ஜப்பானில் ஆய்வகக் கண்ணாடி செய்து வந்த ஹாரியோ நிறுவனத்துடையது. கூம்பின் கோணம் 60 டிகிரி என்பதால் அந்தப் பெயர்.

எதை வாங்குவது? வி60யின் அடியில் ஒரே பெரிய ஓட்டை. நீர் எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும் என்பதை உங்கள் கையும் அரைப்பும்தான் தீர்மானிக்கும். கலிட்டா வேவ் என்பதன் அடி தட்டையானது, மூன்று சின்ன ஓட்டைகள். கை கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். தொடங்குபவர்களுக்கு இது நல்லது. பீங்கான் அழகாக இருக்கும், ஆனால் நீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். விலை குறைந்த பிளாஸ்டிக் கூம்பே சூட்டை நன்றாகக் காக்கிறது. கடைக்காரர் சொல்லாவிட்டாலும் அதையே வாங்குங்கள்.

தாளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காபி எண்ணெயில் காஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. கெட்ட கொலஸ்டிராலை ஏற்றக்கூடியது. காபி அதிகம் குடிப்பவர்களுக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் கூடுதலாக இருப்பதை நார்வேயின் ட்ரோம்சோ நகரில் நடந்த ஆய்வு 1983இல் வெளியிட்டது. காரணம், பொடியைக் கொதிக்கவைத்த காபியில் தங்கிவிடும் இந்தப் பொருள் என்பது பின்னால் தெரிந்தது. தாள் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. தாள் தீர்ந்துபோன நாளில் மெல்லிய மல்துணியிலும் வடிக்கலாம். ஜப்பானில் ஃபிளானல் துணியில் வடிப்பதைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். துணியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி, தண்ணீரில் முக்கி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உலரவிட்டால் எண்ணெய் சிக்கு வாடை வரும்.

இதில் பால் ஊற்றலாமா என்று வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஊற்றினால் வெளுத்துத் தண்ணீராகிவிடும். பால் வேண்டியவர்களுக்கு டிகாஷன் இறக்கிக் கொடுப்பதுதான் மரியாதை.

மே மாதத்தில் சூடாக எதையும் குடிக்கப் பிடிக்காதபோது இதே கூம்பு வேறு விதமாக உதவும். கீழே உள்ள பாத்திரத்தில் 120 கிராம் ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள். பொடி 20 கிராம், அரைப்பு வழக்கத்தைவிடச் சற்று நைஸ். வெந்நீர் 200 கிராம் மட்டும், முன் சொன்னபடியே ப்ளூம் விட்டு மெதுவாக. சொட்டுகள் நேரே ஐஸ் மேல் விழுந்து அந்தக் கணமே குளிர்வதால், ஆவியாகப் போயிருக்க வேண்டிய மணம் கோப்பைக்குள்ளேயே தங்கிவிடும். வடிந்து முடிந்ததும் பாத்திரத்தை நன்றாகச் சுழற்றிக் கலக்கி, கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை போடாமல் முதல் வாய் குடித்துப் பாருங்கள்.